தூளி முதல் மழலையர் அறை வரை

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரின் பெயரை அறியாத வரலாற்று மாணவர் இலர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற இரண்டு கல்வெட்டுகள், அவ்வூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விரிவாக உரைக்கின்றன. குடும்பு என்று வழங்கிய 30 பகுதிகளாக ஊர் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். அக்குடத்திலிருந்து ஓலையை எடுத்தது யார் கை? அரசன் கையோ அதிகாரி கையோ அன்று. அருகில் நின்ற ஒரு சிறு குழந்தையின் கை. உள்ளிருக்கும் ஓலைகளில் இன்னது இன்னார் பெயர் என்று வேறுபாடு காணத் தெரியாத பாலன் ஒருவனே எடுத்தல் வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கின்றது.

இவ்விதியை ஏட்டில் படித்துவிட்டுக் குடவோலையின் பெருமையை மட்டும் பேசி நாம் அப்பால் சென்றுவிடுகிறோம். ஆனால் அக்குழந்தையை ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெரியோர் பலர் கூடியிருந்த அவையில் நடுநிலை யாரிடத்து உளது என்று தேடிய முன்னோர், அது குழந்தையிடத்தே உளது என்று துணிந்தனர். வேறுபாடு காண்பது பிறவியிலேயே வருவதன்று. பின்னர் நாம் கற்பிப்பது என்னும் உண்மை இவ்விதியில் அடங்கியிருக்கின்றது. அச்சபை நிலமுடைய ஆடவர் சபையே. பெண்களுக்கு அதில் இடமில்லை. ஆயினும் வேறுபாடு அறியாத கையை நம்பிய அந்தச் சிந்தனை போற்றத்தக்கதே.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியதுபோலத் தோன்றும். பிறந்த குழந்தைக்கு வீட்டில் ஓர் இடம் ஒதுக்கி, அதனை வண்ணமுற அழகு செய்வது எவ்வாறு? ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொதுவாக அமைப்பது எவ்வாறு? சிறு செலவில் அதனைச் செய்ய இயலுமா? நகரத்துக் கடைவீதியில் இன்று நீல நிறத்தில் ஒரு வரிசையும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு வரிசையுமாகக் குழந்தைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. 'ஆண் குழந்தையா, பெண் குழந்தையா?' என்று கேட்ட பின்னரே கடைக்காரர் பொருளை எடுத்துக் காட்டுகின்றார். இது தொன்றுதொட்டு வந்த வழக்கமோ என்று மாணவர்கள் எண்ணக்கூடும். அன்று என்பதை வரலாறு காட்டுகின்றது.

முதலில் நம் தொண்டை நாட்டிலிருந்தே தொடங்குவோம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல் பெரும்பாணாற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அந்நூலில், மருத நிலத்து உழவர் வீடு ஒன்று வருணிக்கப்படுகின்றது. தச்சர் செய்து கொடுத்த சிறு தேரைப் பிள்ளைகள் தளர்நடை நடந்து உருட்டுகின்றனர். அத்தேர் ஏறிச் செல்வதற்கன்று, உருட்டி விளையாடுவதற்கே. நடந்து இளைத்த பிள்ளைகள் செவிலியரைத் தழுவிப் பாலருந்திப் படுக்கையில் உறங்குகின்றனர். அத்தகைய வீட்டையே அழகுடைய நல்ல இல்லம் என்கிறார் புலவர். ஒரு மரத்தேர், ஒரு படுக்கை, அணைக்க ஒரு கை ஆகிய மூன்றுமே அங்கு வீட்டின் அழகாக எண்ணப்பெற்றன.

செல்வர் வீடுகளும் அக்காலத்தில் இருந்தன. அதே புலவர் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் உலர்த்திய நெல்லைத் தின்ன வந்த கோழியின்மேல் தம் பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை, சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியைத் தடுக்கின்றது. ஆனால் செல்வம் இல்லாத இடத்தில் விளையாட்டும் இல்லாமற் போயிற்று என்று எண்ணற்க. கோரைப் புல்லைக் கிழித்து முடைந்த பாவைகளைச் சங்கச் செய்யுட்கள் பல இடங்களில் குறிக்கின்றன. ஏரிக்கரையில் விளையும் கோரைக்கு விலை ஏது? கடற்கரை மணலிற் கட்டிய சிற்றிலுக்குத்தான் செலவு ஏது?

இனித் தூளிக்கு வருவோம். தூளி என்றும் ஏணை என்றும் வழங்கும் துணித் தொட்டிலைத் தமிழர் வீடுகளில் காணாதவர் யார்? தாயின் பழைய நூற்புடைவை ஒன்றை மடித்து, உத்தரத்தில் கயிற்றைப் போட்டுக் கட்டினால் தூளி ஆயிற்று. பலமுறை துவைத்து மென்மை பெற்ற துணி குழந்தையின் உடம்பை உறுத்துவதில்லை, காற்றும் உட்புகும். மேனாட்டார் தம் மாளிகையில் குழந்தைக்கெனத் தனி அறை வகுத்தனர். நம் உழவரும் நெசவாளரும் ஓர் அறையே உள்ள வீட்டினுள், அவ்வறைக்குள்ளேயே மற்றோர் அறையைத் துணியால் அமைத்தனர். அதன் சுவர்கள் தாயின் புடைவை. அதன் வண்ணமும் அப்புடைவையின் வண்ணமே. அரக்கோ, மாந்தளிரோ, மயிற்கழுத்தோ எது கிடைத்ததோ அதன் ஊடாக வெளிச்சம் வடிந்து குழந்தையின் முகத்தில் விழும். மூத்தவள் பெண்ணாகவும் இளையவன் ஆணாகவும் இருந்தால், இருவரும் ஒரே தூளியில் வளர்ந்தனர். ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம் என்னும் வழக்கம் அங்கே இல்லை.

இப்பொதுமையை நம் இலக்கணமும் ஏற்றுக்கொண்டது என்பது குறிப்பிடத்தக்கது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையைக் கல்லூரி மாணவர் படித்திருப்பர். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக எண்ணிப் பாடிய பாடல்களில் அதன் வித்தைக் காண்கிறோம். 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தனி நூலாக நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழையது. பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் பொதுவானவை. இறுதி மூன்றே வேறுபடும். ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் முதலியன. குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் மதுரை மீனாட்சியம்மைக்கு ஒன்றும் புள்ளிருக்குவேளூர் முத்துக்குமார சுவாமிக்கு ஒன்றுமாக இருபாலுக்கும் பிள்ளைத்தமிழ் பாடினார். தாலாட்டுவதிலும், கைகொட்டச் சொல்வதிலும், முத்தம் கேட்பதிலும், நிலவை அழைப்பதிலும் அம்மைக்கும் குமரனுக்கும் இலக்கணத்தில் வேறுபாடு இல்லை.

இதன் பொருளை உய்த்துணர்தல் வேண்டும். தவழும் குழந்தைக்கும், கைகொட்டும் குழந்தைக்கும், நிலவை நோக்கிக் கைநீட்டும் குழந்தைக்கும் உலகம் ஒன்றே. நீலத்தையும் இளஞ்சிவப்பையும் பிறந்த நாளன்றே பிரித்துவைக்கும் இன்றைய வணிகம், புலவர் எட்டாம் பருவத்தில் பிரித்ததை முதல் பருவத்திலேயே பிரிக்கின்றது.

நிறத்தைப் பற்றிய நம் மரபும் அவ்வாறே. சிவந்த நிறத்தால் சேயோன் என்று பெயர் பெற்றவன் முருகன். அவன் ஆண் தெய்வம். பச்சை நிறம் மீனாட்சிக்கு உரியது. திருமாலையும் பச்சை நிறத்தனாகப் பாடுதல் உண்டு. கருமையும் நீலமும் மாயோனுக்கும் காளிக்கும் பொது. ஆகவே ஒரு நிறத்தை ஒரு பாலுக்கு உரிமையாக்கும் வழக்கத்திற்கு நம் மரபில் வேர் இல்லை.

வண்ணம் தீட்டுவதற்குப் பெருஞ்செலவு வேண்டும் என்பாருக்குக் காஞ்சியே விடை கூறும். அங்குள்ள கைலாசநாதர் கோயில், கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்தது. திருச்சுற்றில் உள்ள சிற்றாலயங்களின் சுவர்களில் பழைய ஓவியங்களின் எச்சங்களை 1931-இல் பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ரேல் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று சோமாஸ்கந்த ஓவியம்: தந்தைக்கும் தாய்க்கும் நடுவே குழந்தை. காவிக்கல்லின் சிவப்பு, மஞ்சட்காவி, சுண்ணத்தின் வெண்மை, கரியின் கருமை முதலிய எளிய நிறங்களே பல்லவ ஓவியருக்குப் பெரிதும் துணை நின்றவை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அவ்வண்ணத்தின் சுவடு மறையவில்லை.

நம் நாட்டு மரபு இவ்வாறாக, நிறத்தைப் பால்வாரியாகப் பிரிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? மேனாட்டிலும் அது பழமையானதன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறு குழந்தைகள், ஆணாயினும் பெண்ணாயினும், வெண்ணிற நீள்கவுனையே அணிந்தனர். வெள்ளைத் துணியைக் கொதிநீரில் இட்டு வெளுப்பது எளிது என்பது அதற்கு ஒரு காரணம். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான பிராங்க்ளின் ரூசுவெல்ட்டு, 1884-ஆம் ஆண்டில் இரண்டு வயதுக் குழந்தையாகக் கவுன் அணிந்து எடுத்துக்கொண்ட நிழற்படம் ஒன்று உளது. 1918-இல் அமெரிக்காவில் குழந்தை ஆடை வணிகர்க்கென வெளிவந்த இதழ் ஒன்று, வலிமை காட்டும் இளஞ்சிவப்பு ஆண் குழந்தைக்கும், மென்மை காட்டும் நீலம் பெண் குழந்தைக்கும் ஏற்றவை என்று எழுதியது! இன்றைய வழக்கத்துக்கு இது நேர் எதிர். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இன்று நாம் காணும் முறை அங்கு நிலைபெற்றது. வணிகத்தின் வழியே உலகெங்கும் பரவியது. இரண்டு நிறமாகப் பிரித்தால் அக்காளின் சட்டை தம்பிக்கு ஆகாது, மறுமுறையும் வாங்கவேண்டும். இதனால் யாருக்கு ஆதாயம் என்பதை மாணவர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஆனால் மேனாட்டுக் கல்வியாளர் வழி வேறு. செருமனியில் பிரெடெரிக் பிரோபெல் என்பார் 1837-இல் பிளாங்கன்பர்க்கு என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் 'கிண்டர்கார்ட்டன்' என்னும் பெயரைச் சூட்டினார். அவர் குழந்தைக்கு வகுத்த முதற் கொடை, கம்பளி நூலால் ஆன ஆறு பந்துகள்: சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. ஆறும் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியவை.

இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழை மக்கள் பகுதியில் தம் முதல் குழந்தை இல்லத்தைத் திறந்தார். வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் குடியிருப்பின் படிக்கட்டுகளையும் சுவர்களையும் பாழ்செய்கின்றனர் என்பதற்காகவே அவ்விடம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. குழந்தை தானே தூக்கக்கூடிய சிறு நாற்காலி, அதன் கைக்கு எட்டும் அடுக்கு, அதன் கண்ணுக்கு நேரே தொங்கும் படம் என அறை முழுவதையும் குழந்தையின் அளவுக்கு இறக்கி அமைத்தது அவர் செய்த புரட்சி. இவ்வம்மையார் 1939 நவம்பரில் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபையில் ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, பகைநாட்டார் என்ற காரணத்தால் அவர்மேல் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. போர் முடியும் வரை இந்நாட்டிலேயே தங்கி அடையாற்றிலும் கோடைக்கானலிலும் பணியாற்றினார். அழகு என்பது விலையில் இல்லை, அளவிலும் ஒழுங்கிலும் தூய்மையிலும் உளது என்னும் அவர் பாடம் தமிழகத்து ஆசிரியர் பலர்க்கு இவ்வாறு நேரிற் கிடைத்தது.

இதுவரை மகிழ்ச்சியானவற்றையே கூறினேன். வரலாறு பேசுவோன் கசப்பானதையும் மறைத்தல் கூடாது. ஏழு பருவங்களைப் பொதுவாக்கிய இதே தமிழகத்தில், பெண்ணாகப் பிறந்த ஒரே காரணத்தால் தொட்டிலே மறுக்கப்பட்ட குழந்தைகள் இருந்தனர். சேலம், தருமபுரி, மதுரை வட்டாரங்களில் பெண் சிசுக்கொலை நடந்தது. அதனைத் தடுக்கும் பொருட்டுத் தமிழக அரசு 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. 'வேண்டாம் என்று எண்ணும் பெண் மகவைக் கொல்லாதீர். இங்குள்ள தொட்டிலில் இட்டுச் செல்லுங்கள். அரசு வளர்க்கும்' என்பதே அதன் கருத்து. 2001-இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் விரிவாயிற்று. கருவிலேயே பாலினம் அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆறு வயது வரை உள்ள குழந்தைகளில், 1,000 ஆண் மகவுக்குத் தமிழகத்தில் 1991-இல் 948 பெண் மகவும், 2001-இல் 942-உம், 2011-இல் 943-உம் இருந்ததாக மக்கள்தொகைக் கணக்கு காட்டுகின்றது.

சுவரின் நிறத்தை மாற்றினால் இக்கொடுமை நீங்கிவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால் ஆண் மகவுக்குப் புதுத் தொட்டிலும் சர்க்கரையும், பெண் மகவுக்குப் பெருமூச்சும் என்று வேற்றுமை காட்டும் வீட்டில், அவ்வேற்றுமை முதலில் புலப்படும் இடம் தொட்டிலே. ஆகவே பிறக்கப்போவது எது என்று அறியாமுன்னரே, எதுவாயினும் வருக என்று ஓர் இடத்தை அழகு செய்து வைக்கும் குடும்பம் ஓர் அறத்தைச் செய்கின்றது.

அவ்விடத்தைச் சிறு செலவில் அமைப்பது எவ்வாறு? நாம் கண்ட வரலாறே வழி காட்டும். சுவருக்குச் சுண்ணாம்பு போதும். நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டிச் சிறிது கோந்து சேர்த்து அடித்தால் எளிதில் உதிராது. அதில் மஞ்சட்காவி கலந்தால் இளமஞ்சள். செங்காவி கலந்தால் செங்கல் நிறம். துணிக்கு இடும் நீலம் கலந்தால் வான் நிறம். இவை யாவும் ஒரே சுவரில் அமையட்டும். தரையிலிருந்து இரண்டு முழம் உயரத்திற்குள் கோலமும் மீனும் கிளியும் வரைக; தவழும் பிள்ளையின் கண் அங்கேதான் செல்லும். ஈரம் உலரும் வரை பிள்ளையை அங்கே விடலாகாது. சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும்.

பிறந்த குழந்தைக்கு ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளதே தெளிவாகத் தெரியும். கறுப்பும் வெளுப்பும் போன்ற எதிர் நிறங்களையே அதன் கண் முதலில் நாடும். எனவே முதற் சில வாரங்களுக்கு அட்டையில் கரியால் வரைந்த வட்டங்களே போதும். பிறகு தென்னங்குருத்தில் பின்னிய கிளி, பனையோலைக் கிலுகிலுப்பை, வண்ணத் துணித் துண்டுகளால் தைத்த பந்து ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். தொங்கவிடும் கயிறு குழந்தையின் கைக்கு எட்டாமலும், மணி, புளியங்கொட்டை போன்ற சிறு பொருள்கள் அதன் வாய்க்கு எட்டாமலும் இருத்தல் வேண்டும். தூளியைத் தாழக் கட்டி, முடிச்சை நாள்தோறும் சோதித்தல் வேண்டும்.

சாயம் வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. ஈயம் கலந்த வண்ணம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2016-இல் இந்திய அரசு வகுத்த விதிகளின்படி வீட்டுச் சாயத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது. பழைய சாயம் உரிந்து விழும் கதவையும் சன்னலையும் குழந்தை சுரண்டாமல் காத்தல் வேண்டும். ஈயச் செந்தூரத்தை விளையாட்டுப் பொருள்களுக்குப் பூசுவதையும் விலக்குக.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டில் இப்போது குழந்தை இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் ஊரில் அங்கன்வாடி இருக்கும். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் பயனாக எழுந்தவை அவை. தனி அறை இல்லாத ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடியே மழலையர் அறை. ஒரு விடுமுறை நாளில் நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து, பணியாளர் இசைவு பெற்று, ஒரு கூடை சுண்ணாம்பும் இரண்டு பொட்டலம் காவியும் கொண்டு அச்சுவரைப் புதுப்பிக்கலாம். வரையும்போது ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். ஏர் உழுபவளாக ஒரு பெண்ணையும், குழந்தைக்குச் சோறூட்டுபவனாக ஓர் ஆணையும் அச்சுவரில் வரையுங்கள். பாலனும் பாலிகையும் ஒரே தேரை உருட்டட்டும். அச்சுவரைப் பார்த்து வளரும் பிள்ளைகள் நாளை ஊர்மன்றத்தில் அமர்வர். தமிழகத்து உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்குச் சரிபாதி இடம் ஒதுக்க 2016-இல் சட்டம் வகை செய்துவிட்டது. அவ்விடத்தில் அமர்பவளுக்கு அது தனக்கு உரியதே என்னும் துணிவும், அருகில் அமர்பவனுக்கு அதில் வியப்பின்மையும் தோன்றுவதற்கு, மழலைப் பருவத்தில் இருவரும் பார்த்து வளர்ந்த ஒரே சுவர் உதவும்.